இடுப்பு நாற்பத்தாறு

பழிவாங்குவதற்காகக் கதை எழுதக் கூடாது என்பார்கள். நான் அதற்காகத்தான் எழுதுகிறேன். உயர்ந்த நோக்கம் எதையாவது தேடி வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

நான் தையல்காரன். கோட்டு தைத்துப் பேர் வாங்கியவன். கடையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஆளுயரக் கண்ணாடி, ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். காஜா போடுவது என் மனைவி. அவள் கையால் போட்ட காஜாவில் பொத்தான் போய் உட்காருகிற அழகைப் பார்த்துவிட்டு, தைத்தது யார் என்று கேட்காமல் காஜா போட்டது யார் என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

மழைக்காலத்தில் எங்களுக்கு வேலை மந்தம். மூன்று மழைக்காலங்களில் நான் ஒரு சரித்திர நாவல் எழுதினேன். ஒரு கோட்டையை எதிரி நாற்பது நாள் முற்றுகையிடுகிறான். உள்ளே சாப்பாடு குறைகிறது. கோட்டைத் தையல்காரனிடம் வீரர்கள் ஒவ்வொருவராக வந்து உடுப்பை இறுக்கித் தரச் சொல்கிறார்கள். இந்த வாரம் ஒரு அங்குலம், அடுத்த வாரம் இரண்டு. பசி எவ்வளவு என்று அவன் ஒருவனுக்குத்தான் அங்குலக் கணக்கில் தெரியும். அப்போது தளபதியின் அங்கி வருகிறது, இடுப்பில் தளர்த்தித் தரச் சொல்லி. களஞ்சியம் எங்கே போகிறது என்று தையல்காரனுக்குப் புரிந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். துணிக்கும் உடம்புக்கும் இடையில் ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு விரல் நுழையக் கூடாது. நாவலும் அப்படித்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதை டைப் அடித்த என் மனைவிக்கும் தோன்றியது.

எங்கள் தெருமுனையில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. சரித்திர நாவல் அளவுக் கழகம். முதன்முதலாகச் சரித்திர நாவல் எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அங்கே அளவுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் எந்த அச்சகமும் தொடாது. மூன்று தடவை தவறினால் சிவப்பு அட்டையில் பெயர் ஏறிவிடும். அதன்பிறகு ஆயுளுக்கும் சரித்திரம் எழுதக் கூடாது. மாமியார் மருமகள் சண்டை, பக்கத்து வீட்டுத் தண்ணீர்க்குழாய் என்று சமகாலத்திலேயே காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

நாவல் நல்லதா கெட்டதா என்று கழகம் பார்ப்பதில்லை. அதற்கும் ஒரு பிரிவு வேண்டும் என்று ஒரு காலத்தில் தீர்மானம் வந்ததாம். நாற்காலி போட இடமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

கழகத்து ஆட்களுக்குப் பதினைந்து வருடமாக விழாக் கோட்டு தைப்பவன் நான்தான். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவன் முன்னால் எல்லோரும் எல்லாம் பேசுவார்கள். இப்போதைய தலைவர் எப்படித் தலைவரானார் என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரியும். நாவல் வெளியீட்டு விழாவில் புத்தகத்தின் சரிநடுப் பக்கத்தைத் தலைவர் உரக்கப் படிக்க வேண்டும் என்பது கழகத்து மரபு. பழைய தலைவர் ஒரு விழாவில் இருமல் வந்து பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். இவர் உடனே எழுந்து, "நடுப்பக்கத்தை நடுவிலே விட்டவர் தலைமையிலே நீடிக்கலாமா?" என்று கேட்டார். நீடிக்கக் கூடாது என்று அன்று மாலையே விதி எழுதினார்கள். எழுதியவர் இவர்தான்.

தரைத்தளத்தில் எடைப் பிரிவு. பார்சல் தராசுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எடைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். நான் கொண்டுபோன தாள்கட்டை வாங்கித் தராசில் வைத்தார். முள் சோம்பலாக நகர்ந்து நின்றது.

"ஒரு கிலோகூட இல்லையே சார். இது கடுதாசியா?"

"நாவல் சார்."

"முழுசுமா?"

"முழுசும்தான்."

அவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "சரி, மேல போய்ப் பாருங்க. படி ஏறும்போது நல்லா மூச்சு விட்டுக்கோங்க."

இரண்டாம் மாடியில் நீட்டிப்பு அதிகாரி. அவர் கட்டைப் பிரிக்கவில்லை. ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் கனத்தை அளந்தார்.

"முற்றுகை எத்தனை நாள்?"

"நாற்பது நாள் சார்."

"பக்கம் நூத்தித் தொண்ணூத்திரெண்டு. அப்போ ஒரு நாளைக்கு அஞ்சு பக்கம்கூட வரலையே. எதிரி என்ன நினைப்பான்?"

எதிரி என்ன நினைப்பான் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

"குதிரை எத்தனை இருக்கு?"

"ஒண்ணுதான் சார். அதையும் பத்தொன்பதாம் நாள் அடிச்சுச் சாப்பிட்டுடறாங்க."

"சாப்பிடுங்க, வேண்டாம்னு சொல்லலை. அது எந்தக் குதிரைக்குப் பொறந்தது, அந்தக் குதிரை யாருகிட்ட இருந்தது? பரம்பரை எங்கே? சரி, சுரங்கப்பாதை?"

"கோட்டையில சுரங்கப்பாதை இருந்தா எல்லாரும் தப்பிச்சுப் போயிருப்பாங்களே சார். அப்புறம் யாருக்குப் பசி?"

"அது உங்க பிரச்சினை. சுரங்கப்பாதை இல்லாத கோட்டைக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? குறைஞ்சபட்சம் நானூறு பக்கம் வேணும். சூரியோதயம் நாளுக்கு ஒண்ணாவது இருக்கணும்."

சொல்லிவிட்டு ரப்பர் ஸ்டாம்பை எடுத்து முதல் பக்கத்தில் ஓங்கிக் குத்தினார். சிவப்பு மையில் "குட்டை" என்று விழுந்தது.

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று, நடந்துதான் பார்ப்போம் என்று வீட்டுக்கு வந்தேன். குதிரைக்கு ஏழு தலைமுறை எழுதினேன். ஏழாவது தலைமுறையில் அதன் கொள்ளுத்தாத்தா மீது எனக்கே ஒரு பாசம் வந்துவிட்டது. சுரங்கப்பாதையும் வெட்டினேன், ஆனால் பாதியில் பாறை குறுக்கிட்டு நின்றுவிட்டது. யாரும் தப்ப முடியவில்லை. நாற்பது நாளும் சூரியன் உதித்தான். மழை பெய்த நாள்களில்கூட மேகத்துக்குப் பின்னால் உதித்தான்.

இதையெல்லாம் டைப் அடித்தது அவள். காலையில் காஜா, மத்தியானத்தில் சூரியோதயம். அவள் வலது மணிக்கட்டு மெதுவாக வீங்க ஆரம்பித்தது. நான் பார்த்தேன். பார்த்தும், "இன்னும் முப்பது பக்கம்தாம்மா" என்று சொன்னேன். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன். பழியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தோடு போனேன். நீட்டிப்பு அதிகாரி ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"போன வியாழக்கிழமை கூட்டத்துல எண்ணூறு ஆக்கிட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?"

"தெரியாதவங்க சரித்திரம் எழுத வரலாமா?" என்று கேட்டபடியே இரண்டாவது "குட்டை"யைக் குத்தினார்.

நான் தலைவரைப் பார்க்க மூன்றாம் மாடிக்குப் போனேன். வருடா வருடம் என் முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறவர். என்னைத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. என் கடையில் அவர் எப்போதும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

"உக்காருங்க," என்றார். "ஒருத்தரோட முதல் சரித்திர நாவல் எவ்வளவு நீளம் இருக்கணும்? இந்த ஒரு கேள்வியை நான் முப்பது வருஷமா ஆராய்ச்சி பண்றேன். நான் ஒரு நாவல்கூட எழுதினதில்லை. ஏன் தெரியுமா? எழுத ஆரம்பிச்சா நடுநிலை போயிடும். படிக்கறதும் இல்லை. படிச்சா பிடிச்சுப் போயிடற ஆபத்து இருக்கு. பிடிச்சுப் போச்சுன்னா நீளம் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் நான் இங்கே எதுக்கு?"

"நானூறுன்னு சொன்னாங்க சார். நானூறு எழுதினேன். இப்போ எண்ணூறுங்கறாங்க."

"நானூறு வெச்சிருந்தோம். மூணு பேர் நானூறு எழுதிக் கொண்டுவந்துட்டாங்க. எல்லாரும் தேறிட்டா கழகத்துக்கு என்ன வேலை? அளவுன்னா எட்டாம இருக்கணும்ங்க. எட்டிட்டா அது அளவு இல்லை, அலமாரி."

"என் கதை நூத்தித் தொண்ணூத்திரெண்டுலயே முடிஞ்சுடுச்சு சார்."

"கதை முடியலாம். நாவல் முடியக் கூடாது," என்றார். அவருக்கே அது பிடித்துவிட்டது. உதவியாளரைக் கூப்பிட்டு எழுதிவைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் தலைக்கு மேலே ஒரு விதி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது: சான்றிதழ் பெற்ற அளவு புனிதமானது. அதில் ஓர் எழுத்தைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ எழுதியவருக்கும் அச்சகத்துக்கும் கழகத்துக்கும் உரிமையில்லை. அடியில் அவருடைய கையெழுத்து.

குனியக் குனியத்தான் குட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டே கடைக்கு வந்தால், மனைவி கையில் பட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு மாசம் ஊசி பிடிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இனிமேல் காஜா நான்தான் போட வேண்டும். அந்த வாரமே ஒரு மாப்பிள்ளைக் கோட்டு திரும்பி வந்தது. காஜா கோணலாக இருக்கிறதென்று. அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். இடது கையால் என் கோணல் காஜாவைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அந்தக் கட்டடத்தை மூன்று மாடியோடு பிரித்துத் தையலை உருவிவிட வேண்டும் போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து எடைக்காரர் பேண்ட் பட்டி அடிக்க வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார். "அடுத்த கூட்டத்துல ஆயிரத்து இருநூறு ஆக்கப் போறாங்க. நான் சொன்னேன்னு வெளியே சொல்லாதீங்க. உங்களுக்கு இன்னும் ஒரு தடவைதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோங்க."

அவர் போனதும் நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "விட்டுடலாம்மா. பக்கத்து வீட்டுக் குழாயைப் பத்தியே எழுதிக்கறேன்."

"எதுக்கு விடணும்?" என்றாள் அவள். அலமாரியைத் திறந்து, பதினைந்து வருடத்து அளவு நோட்டுகளை இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் போட்டாள். "இதை அப்படியே அடிச்சுச் சேருங்க. நான் படிக்கறேன், நீங்க அடிங்க."

"இது நாவலா?"

"ஏங்க, யாரு படிக்கறா?"

நான் அவளையே பார்த்தேன்.

"உங்க கதையில அந்தத் தையல்காரன்கிட்ட ஒரு நோட்டு இருக்கில்ல? அது இதுதான்னு வெச்சுக்கோங்க. அவனும் அளவு எடுத்தான், நீங்களும் அளவு எடுத்தீங்க."

மறுநாளிலிருந்து மத்தியான வேளைகளில் அவள் படித்தாள், நான் இரண்டு விரலால் அடித்தேன். தோள் பதினெட்டு, கை இருபத்துநாலு. இவருக்கு வலது கை நீளம். இவர் ட்ரயலுக்கு வரும்போது வயிற்றை எக்கிக்கொள்கிறார், நம்ப வேண்டாம். வாடிக்கையாளர்களின் பேரையெல்லாம் எடுத்துவிட்டோம், அவர்கள் பாவம், நமக்கு ஒரு தீங்கும் செய்யாதவர்கள். கழகத்து ஆட்களின் பதவியை மட்டும் அப்படியே விட்டோம். இப்படி எழுநூற்று எண்பத்தெட்டுப் பக்கம்.

தலைவருடைய பக்கத்தை மட்டும் அவள் கடைசி வரைக்கும் தனியாக எடுத்துவைத்திருந்தாள். "இதை எங்கே வைக்கறது?" என்றாள்.

துணியை இரண்டாக மடித்து நடு பிடிப்பது எனக்குத் தினசரி வேலை. ஆயிரத்து இருநூறுக்கு நடு அறுநூறு. அங்கே வைத்துத் தைத்தேன். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றின மாதிரி, வெளியே ஒன்றும் தெரியவில்லை.

தராசின் முள் எழுந்து ஓடி ஆறு கிலோவில் நின்றது. எடைக்காரர் எழுந்து நின்றே விட்டார். நீட்டிப்பு அதிகாரி ஸ்கேலை வைத்து அளந்தார், இன்னொரு தடவை அளந்தார். நடுநடுவே நாலைந்து பக்கங்களைப் பெருவிரலால் சரசரவென்று புரட்டினார்.

"அடடா," என்றார். "எவ்வளவு புள்ளிவிவரம்! மார்பு நாற்பது, மார்பு முப்பத்தெட்டு... ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனியா வர்ணனை. இதைத்தாங்க நான் முதல்லயே எதிர்பார்த்தேன். இப்பத்தான் நீங்க எழுத்தாளர்."

சான்றிதழில் "நீளம்: திருப்தி" என்று எழுதி, தலைவரின் கையெழுத்தோடு கொடுத்தார்கள். ஒன்பது வருடங்களில் இதுதான் மிக நீளமான முதல் நாவலாம். கழகமே விழா எடுத்தது.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. மேடையின் ஓரத்தில், வழக்கம்போல நாவலை எல்லோர் முன்னாலும் நிறுத்துக் காட்ட, எடைக்காரரும் அவர் தராசும். முதல் வரிசையில் என் மனைவி, மடியில் பட்டி கட்டிய கை. முன்னதாகவே பலகாரத் தட்டு சுற்றி வந்தது. அது முதலில் தலைவரிடம் போய், அவரிடம் கொஞ்ச நேரம் தங்கிவிட்டு, இளைத்துப்போய் மற்றவர்களிடம் வந்தது.

தலைவர் பேசினார். "இன்னைக்கு இளைஞர்கள் சின்னதா எழுதறாங்க. சின்னதா எழுதினா என்ன ஆகும்? படிச்சுடுவாங்க! படிச்சு முடிச்சதும் மறந்துடுவாங்க. படிக்க முடியாத நாவலை யாராலயும் மறக்க முடியாது. இந்த நாவலை நான் ஒரு வரிகூடப் படிக்கலை. அது இதுக்கு நான் செய்யற மரியாதை." கைத்தட்டல்.

பிறகு நடுப்பக்கம். ஆயிரத்து இருநூறு பக்கத்தைப் பிரிக்க இரண்டு பேர் உதவினார்கள். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போர்முரசு மாதிரி ஒரு குரலில் ஆரம்பித்தார்.

"தலைவர். கறுப்புக் கோட்டு. இடுப்பு, முதல் வருடம் நாற்பது. இரண்டாம் வருடம் நாற்பத்திரண்டு. மூன்றாம் வருடம் நாற்பத்துநாலு!"

படை திரளுகிறது என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு எண்ணுக்கும் கையை உயர்த்தினார். பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார்.

"இந்த வருடம் நாற்பத்தாறு. நாற்பது என்றே எழுதச் சொன்னார். இடது தோள் ஒரு அங்குலம் தாழ்வு, உள்ளே பஞ்சு வைக்கவும்."

முதல் வரிசை மொத்தமும் அவருடைய இடது தோளைப் பார்த்தது. அவரும் பார்த்தார். குரல் இறங்கியது. தண்ணீர் டம்ளர் பக்கம் கை போனது, ஆனால் தொடவில்லை. தண்ணீர் குடித்தவருக்கு என்ன ஆயிற்று என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? நீட்டிப்பு அதிகாரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். தலைவர் நிறுத்துவாரா என்று அவ்வளவு ஆசையாகப் பார்த்தார்.

தலைவர் நிறுத்தவில்லை.

"உள்பை... மூன்று. மூன்றாவது பெரியது. ரெக்ஸின் லைனிங். விழாவில் எடுத்துப்போகும் பலகாரத்தின் எண்ணெய் வெளியே ஊறக் கூடாது. போன வருடக் கோட்டில் இடம் போதவில்லை என்று குறைப்பட்டார்."

அவர் கோட்டின் வலது பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

"அளவு எடுக்கும்போது போனில் யாரிடமோ, எவன் எழுதுவதையும் நான் படிப்பதில்லை, கனத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிச் சிரித்தார். வயிறு குலுங்கியதால் இடுப்பை இரண்டு தடவை அளக்க வேண்டியதாயிற்று. டெலிவரி, கழகக் கட்டடம், மூன்றாம் மாடி, தலைவர் அறை."

பக்கம் முடிந்தது. முதலில் வாயைத் திறந்தவர் எடைக்காரர்தான். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், தராசைத் துண்டால் துடைத்துவிட்டு, "கோட்டையும் ஒரு தடவை வெச்சுப் பாத்துடலாமா சார்?" என்றார்.

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பைப் பற்றி நாற்பது பக்கம் எழுதலாம். எழுத மாட்டேன். என் மனைவி சிரிக்கவில்லை. வலது கையைத் தூக்கி, பட்டியோடு, விரல்களை மெதுவாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அது போதும்.

புத்தகத்தை நிறுத்த அவர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். சான்றிதழ் பெற்ற அளவு புனிதமானது, ஓர் எழுத்தைக்கூட எடுக்க முடியவில்லை. விதியை மாற்றலாம் என்று ஒருவர் சொன்னதும், மாற்றுவதற்கான காரணத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டுமே என்று எடைக்காரர் ஞாபகப்படுத்தினாராம். காரணத்தை எழுத யாரும் பேனா எடுக்கவில்லை.

நடுப்பக்கத்துக்காகப் புத்தகம் பறந்தது. வாங்கினவர்களில் சிலர் மற்ற பக்கங்களையும் புரட்டி, உள்ளே ஒரு கதை இருப்பதைக் கண்டுபிடித்துக் கடைக்கு வந்தார்கள். எழுதினவனும் அச்சகமும் கழகமும்தான் கை வைக்கக் கூடாது. வாசகர் கத்தரிக்கோலைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. அவர்கள் வெட்டித் தர, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கத்தை மட்டும் நான் ஊசி நூலால் கோத்துக் கொடுத்தேன். மிச்சத் தாளில் கோட்டு மாதிரி வெட்டிக்கொள்கிறேன். நல்ல கனமான தாள். குதிரையின் கொள்ளுத்தாத்தா இப்போது ஒரு காலராக இருக்கிறார்.

ஆறு மாசம் கழித்து, என் மனைவி பட்டியைக் கழற்றிவிட்டு முதல் காஜா போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், தலைவர் கடைக்குள் வந்தார். பதவி போகவில்லை, முழுப்பக்கத்தையும் படித்தவர் அல்லவா. ஆனால் இளைத்துவிட்டார். விழாக்களில் அவர் பக்கம் தட்டு போவதில்லையாம். பழைய கோட்டு தோளிலிருந்து தொங்கியது. அடுத்த வாரம் ஆண்டு விழா. வேறு தையல்காரனிடம் போகலாம்தான். ஆனால் அந்த உள்பை விவரங்களை இன்னொருவனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே.

பழக்கத்தில் கண்ணாடி முன்னால் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினார். இந்த முறை கண்ணாடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"புதுசா ஒரு கோட்டு வேணும். இடுப்பு இப்போ முப்பத்தெட்டுதான் இருக்கும். அளவு எடுத்துக்கோங்க."

நான் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தேன். என் மனைவி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"டேப் எதுக்குங்க? சாரோட அளவு அறுநூறாம் பக்கத்துல இருக்கே. நாற்பத்தாறு. சான்றிதழ் வாங்கின அளவு, சாரே கையெழுத்துப் போட்டது. ஒரு அங்குலம்கூட மாத்த நமக்கு உரிமை இல்லை."

நான் டேப்பைச் சுருட்டி மேஜையில் வைத்தேன். அவர் கையைத் தூக்கினபடியே நின்றுகொண்டிருந்தார்.